பின்கோடைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் முறை

ஆறு இலக்க எண்ணைப் பிரிக்கத் தாளும் பேனாவும் போதும். மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்து 600028-ஐ எடுத்துக்கொள்வோம்.

2, 3, 5 பார்த்தவுடன் முடிந்துவிடும். கடைசி 28, 4-ஆல் வகுபடும். 028, 8-ஆல் வகுபடாது. எனவே 2² மட்டும். இலக்கங்களின் கூட்டல் 16, ஆகவே 3 இல்லை. 5-உம் இல்லை.

அடுத்து 7, 11, 13. இவற்றின் பெருக்கல் 1001. 600028 என்பது 600 × 1001-இல் 572 குறைவு. ஆகவே 600-இலிருந்து 28-ஐக் கழித்து வரும் 572-ஐச் சோதித்தாலே மூன்றுக்கும் விடை கிடைக்கும். 572 = 4 × 11 × 13; 7-ஆல் வகுத்தால் மீதி 5. எனவே 11, 13 உண்டு, 7 கிடையாது. சென்னை பின்கோடு எல்லாமே 600-இல் தொடங்குவதால் இந்தக் கழித்தலை மனக்கணக்காகவே போடலாம்.

இங்கே பலர் சறுக்குவது காற்புள்ளியில். 6,00,028 என்று லட்சக் கணக்கில் எழுதிவிட்டு அதன்படியே பிரித்தால் விடை தப்பும். வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாகத்தான் வெட்ட வேண்டும். இன்னும் நீளமான எண் என்றால் அந்தத் துண்டுகளை வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இப்போது வகுக்கலாம்: 600028 ÷ 4 = 150007, ÷ 11 = 13637, ÷ 13 = 1049. ஒரு எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களைச் சோதித்தாலே போதும் என்பதால், ஒவ்வொரு வகுத்தலுக்குப் பிறகும் வர்க்கமூலத்தைப் புதிதாகப் பாருங்கள். உழைப்பை மிச்சப்படுத்துவது இதுதான். 600028-இன் வர்க்கமூலம் சுமார் 774.6, அதுவரை 137 பகா எண்கள் இருக்கின்றன. 1049-க்கோ 32.4 தான். 11, 13 இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு 17, 19, 23, 29, 31 வரை போனால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்காது. 1049 பகா எண்.

600028 = 2² × 11 × 13 × 1049

கிடைத்த காரணியை மறுபடி சோதிக்காமல் விடக்கூடாது. திருவல்லிக்கேணி 600005-இல் 7 இரண்டு முறை வரும்: 5 × 7² × 31 × 79. முதல் 7-உடன் நிறுத்தினால் மிச்சமுள்ள 17143 பகா எண் போலத்தான் தோன்றும்.

வகுஎண்களின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 = 24. சிறிய பகா எண்களால் ஆன எண்ணுக்கு இது எகிறும். 7,20,720-க்கு 240 வகுஎண்கள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், 1915-இல் வெளியான தம் நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தது இத்தகைய எண்களைத்தான். நேரம் கிடைத்தால் அதன் முதல் சில பக்கங்களையாவது படித்துப் பாருங்கள்.

விடையைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டுங்கள். 600028 → 16 → 7. மறுபக்கம் ஒவ்வொரு காரணிக்கும் அப்படியே: 2² = 4, 11 → 2, 13 → 4, 1049 → 14 → 5. பெருக்கினால் 4 × 2 × 4 × 5 = 160 → 7. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு முழுதாகப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

16 இலக்கத்தைத் தொட்டால் எக்செலை நம்ப வேண்டாம்; அது 15 இலக்கம்தான் வைத்திருக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் தசம எண்ணாகித் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.