வேலூர் வெயிலில் நாட்டுத் தக்காளி

நாட்டுத் தக்காளி வைத்தோம், பூ பூவாகப் பூத்தது, ஒரு காய்கூட நிற்கவில்லை என்று சொல்கிற வேலூர்க்காரர்கள் பெரும்பாலும் தை, மாசியில் விதைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும், நம் ஊரில் பங்குனியிலேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது. அதனால் ஆவணியில் விதையுங்கள். 25 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டால் மார்கழி, தை குளிரில் காய் பிடிக்கும்.

மொட்டை மாடி என்றால் 15 அங்குலப் பை வேண்டும், சின்னப் பையில் வேர் வெந்துபோகும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணி எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நாற்றை முதல் இலைவரை மண்ணுக்குள் இறக்கி நடுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். ஐப்பசி மழையில் பையில் தண்ணீர் தேங்கக் கூடாது. மண் தெறித்துத்தான் அடியிலை கருகும், அதனால் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு வைக்கோல் பரப்புங்கள். இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துச் செடிக்கும் போகும். காயின் அடி கறுத்து அழுகினால் ஒரு நாள் மண்ணைக் காயவிட்டு மறுநாள் தண்ணீரைக் கொட்டியிருப்பீர்கள். தினமும் அளவாக ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

பழத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்த மணமே போய்விடும். ஒரு கை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டோடு வேகவைத்து மத்தால் கடைந்து தாளித்து, சூடான கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்பு கடைப் பெங்களூர் தக்காளியில் கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம் விதை. நோயில்லாமல் நின்ற செடியில் நல்ல பழம் இரண்டைப் பறிக்காமல் முற்றப் பழுக்க விடுங்கள், வீட்டில் யாரும் கைவைக்காதபடி ஒரு துணி கட்டிவிடுங்கள். சதையோடு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் புளிக்க வைத்தால் வழவழப்பு கழன்று நல்ல விதை அடியில் தங்கும். கழுவித் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.