குடியை நிறுத்தக் கூட்டம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் செவ்வாய்க்கிழமை ஏ.ஏ. கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்தார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் அமைப்பு. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே, "அண்ணா, இது மாதிரி கூட்டம் கொஞ்சம் தள்ளி எங்கேயாவது நடக்குதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. 2015-ல் நானும் இதையேதான் கேட்டேன். நேரத்துக்குப் போங்கள், போனை அணைத்து வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

யாரும் பார்க்கக்கூடாது என்று தூரத்தில் தேடுவது

நம்மவர்கள் நடுவே கோயிலில் பார்த்த முகத்தையே கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் பார்ப்போம். நான் அப்போது கோயில் கமிட்டியில் வேறு இருந்தேன். அதனால் டர்பனுக்கு வடக்கே, உம்ஷ்லாங்காவில் ஒரு கூட்டத்தைப் பிடித்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் நிம்மதியாகப் போய்வந்தேன். நாலாவது வாரம் நல்ல மழை, போகவில்லை. அடுத்த வாரம் மின்வெட்டு. ஒரு ரோபோவும் எரியவில்லை. சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகள் முட்டி நின்றன. பாதி வழியில் காரைத் திருப்பினேன். எங்கள் தெருமுனை பாட்டில் ஸ்டோர், அதாவது மதுக்கடை, மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

வீட்டிலிருந்து அந்தக் கடை நாலு நிமிட நடை. கூட்டமோ காரில் நாற்பது நிமிடம். வேலை முடிந்து களைத்து வருகிறவன் எந்தப் பக்கம் போவான், சொல்லுங்கள்?

அதைவிட மோசம் இன்னொன்று. இரவு பதினொரு மணிக்கு மனம் தவிக்கும்போது வாசலுக்கு வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். உம்ஷ்லாங்காக்காரர்கள் நல்லவர்கள், போனில் பொறுமையாகப் பேசினார்கள். பேசி முடித்து போனை வைத்ததும் நான் தனியாள். அந்தக் குடி ஏழு மாதம் போயிற்று, வேலையும் போயிற்று. என் மகளின் பதினொன்றாம் பிறந்தநாள் எனக்கு நினைவே இல்லை. போட்டோவில் கேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

கடைசியில் வீட்டுக்குப் பக்கத்துக் கூட்டத்துக்கே போனேன். உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் தெருக்காரர். இருவரும் ஒரு கணம் அப்படியே நின்றோம். "வாங்க, அந்த மேசையை ஒரு கை பிடிங்க" என்றார். பிடித்தேன். இன்றுவரை தெருவில் அவர் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோவதில்லை. அனானிமஸ், அதாவது பெயர் வெளியே தெரியாதவர் என்ற பெயரே அதற்குத்தான். தூரத்துக் கூட்டத்துக்கும் போங்கள், ஆனால் அது இரண்டாவதாக இருக்கட்டும். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். தலையாட்டினார். மறு செவ்வாய் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

திறந்ததா, மூடியதா என்று விசாரிக்காமல் போவது

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். கணவரோடு வந்த ஒரு அக்கா ஒரு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் இருக்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

சர்ச் ஹாலைப் பார்த்துத் திரும்பிவிடுவது

மதம் மாற்றுவார்களோ என்று நம் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்கிறது என்பதால்தான் பல கூட்டங்கள் அங்கே நடக்கின்றன. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். அது அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள்தான். நான் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன். சேர வேண்டுமானால் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்று போதும்.

புரட்டாசியை நம்புவது

"புரட்டாசி முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை, எனக்கு எதற்குக் கூட்டம்?" என்று கேட்பவர்கள் வருடந்தோறும் உண்டு. காவடிக்கு விரதம் இருந்தவர்களும் இதையே சொல்வார்கள். விரதம் முடியும் தேதி காலண்டரில் இருக்கிறது. நான் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டுதான் விரதம் இருந்தேன்.

சட்டென்று நிறுத்திவிட்டுக் கூட்டத்தை மட்டும் நம்புவது

இதைக் கவனமாகப் படியுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். கூட்டத்தில் இருக்கிற நாங்கள் யாரும் மருத்துவர்கள் அல்ல.

ஒரே கூட்டத்தோடு முடிவு கட்டுவது

ஆறு கூட்டம் போய்ப் பாருங்கள்.

கட்டணம் இருக்குமோ என்று தயங்குவது

கிடையாது. தட்டு சுற்றி வரும். புதியவர் போட வேண்டாம்.

ஸ்பான்சர்

புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர்தான் ஸ்பான்சர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

ஆங்கிலம் வராதே என்று ஒதுங்குவது

இங்கே கூட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பேசியே ஆகவேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் எங்களிடம் மூன்று மாதம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது மாதம் ஒருநாள் எழுந்து தமிழிலேயே பேசினார், கால்மணி நேரம். அறையில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. யாரும் குறுக்கிடவும் இல்லை. அவர் முடித்ததும் பக்கத்தில் இருந்த ஜூலு அம்மா எழுந்துபோய் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார்.