தலை மாற்றும் துடைப்பம்: செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்கு அறுபது தாண்டியதும் குனிந்து வாசல் பெருக்க முடியாமல் போனது. குனியாமல் பெருக்க நீளமான பிடி வேண்டும். குச்சி தேய்ந்தால் குச்சியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், பிடி அப்படியே இருக்க வேண்டும். இதற்காகத்தான் காட்பாடியில் எங்கள் லேத் பட்டறையில், வேலை இல்லாத நேரங்களில், தலை மாற்றும் துடைப்பம் செய்ய ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் ஏழெட்டு மாதிரி ஆயிற்று. முதல் துடைப்பம் நான்காம் நாள் காலையில், அம்மா தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே தலை கழன்று தெருவில் போய் விழுந்தது. அதற்கப்புறம் செய்தவையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தோற்றன: குச்சிக்கட்டும் பிடியும் சேரும் ஜாயின்ட். இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் அந்த மூன்று வருடத்தையும் மறுபடி செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய வட ஆற்காடு பக்கம் வீட்டுக்கு இரண்டு தொடப்பம் கட்டாயம் உண்டு. உள்ளே பூந்துடைப்பம், வெளியே தென்னந்துடைப்பம். நான் அதிகம் பேசப்போவது தென்னந்துடைப்பத்தைப் பற்றி. குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துத் தோப்புகளில் மட்டைக்குக் குறைவில்லை. ஒரு மட்டையில் 200 முதல் 250 இலை வரை இருக்கும், ஒவ்வொரு இலைக்கும் நடுவில் ஓர் ஈர்க்கு. மட்டையின் நுனிப்பக்கத்து ஈர்க்குகள் குட்டையாக இருப்பதால் கழித்துவிடுவார்கள். பொருள் கையருகிலேயே கிடைக்கிறது. ஆனால் அதன் குணம் தெரியாமல் வடிவமைக்க உட்கார்ந்தால் கஷ்டம்தான்.

குணம் என்று நான் சொல்வது சுருங்குவதை. பச்சைக் குச்சிக்கு அளவெடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அன்று சீவிய 150 குச்சியை ஒரு வளையத்துக்குள் சுத்தியலால் தட்டி இறக்கினேன். ஊசி நுழைய இடமில்லை. மொட்டை மாடியில் போட்டு வைத்தேன், வைகாசி மாதம், 40 டிகிரிக்கு மேல் வெயில். பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தால் அதே வளையத்துக்குள் பென்சில் தாராளமாகப் போய் வந்தது. தலைகீழாகப் பிடித்ததும் குச்சிகள் மொத்தமாகச் சரிந்து கொட்டின. வளையம் அப்படியே இருந்தது, குச்சிதான் மெலிந்திருந்தது. ஆகவே குச்சியை நன்றாகக் காயவைத்த பிறகே கட்டுங்கள். காய்ந்த பிறகும் அது தினமும் காலையில் நனையும், பகலில் உலரும், கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். அதனால் ஒரே தடவை இறுக்கி முடிந்துவிடும் ஜாயின்ட் இதற்கு ஆகாது. தளரும்போதெல்லாம் மறுபடி இறுக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

இதை யோசிக்காமல் பலரும் செய்வது பிளாஸ்டிக் கிண்ணம். பிடியின் முனையில் ஒரு கிண்ணம், அதற்குள் குச்சியைச் செருகி ஒரு ஸ்க்ரூ. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மோல்டிங்கில் வார்த்த எந்தக் கிண்ணமும் டையிலிருந்து, அதாவது வார்க்கும் அச்சிலிருந்து, கழன்று வருவதற்காக வாய்ப்பக்கம் சற்று அகலமாகவும் அடிப்பக்கம் சற்றுக் குறுகலாகவும்தான் இருக்கும். டை செய்கிறவரைக் கேட்டால் அந்தச் சரிவு இல்லாமல் பீஸ் வெளியே வராது என்பார். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஈர்க்கின் அடி தடிமன், நுனி மெலிசு. அடிகள் எல்லாம் கிண்ணத்தின் குறுகலான பக்கத்தில், கட்டு வெளியே வரும் பக்கத்தில் வாய் அகலம் என்றால் எது பிடித்து நிறுத்தும்? ஒவ்வொரு வீச்சிலும் குச்சி மெல்ல மெல்ல வெளியேதான் வரும். மூடிய கிண்ணத்தில் தண்ணீரும் தங்கும், ஒரு மாதத்தில் உள்ளே கறுத்து நாறும்.

சரி, இதற்கு விடை எங்கே கிடைத்தது? ஒரு நாள் விடிகாலையில் வேலூர் கிரீன் சர்க்கிள் அருகே டீக்கு நின்றிருந்தேன். தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் நீளமான மூங்கில் கழியில் தென்னந்துடைப்பம் மாட்டிச் சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெருக்குவதை நிறுத்தினார். துடைப்பத்தைத் தலைகீழாக, குச்சி மேலே பார்க்கும்படி நிறுத்தி, கழியின் அடிமுனையைத் தார்ச்சாலையில் இரண்டு குத்துக் குத்தினார். அப்புறம் திருப்பிப் பிடித்து வேலையைத் தொடர்ந்தார். அருகில் போய்க் கேட்டேன்.

"பச்சக் குச்சியில அடிச்சா நாளைக்கே லூசாயிடும் தம்பி. காய வச்சிக் கட்டணும். கொம்ப நல்லா கூரா சீவி நடுவுல எறக்கிடணும். ஆடுச்சின்னா இப்டி ரெண்டு குத்து, அது பாட்டுக்கு இறுகிக்கும்."

நான் தேடிக்கொண்டிருந்தது முழுக்க அதில் இருந்தது. கூராகச் சீவிய கழியே ஆப்பு. கட்டின் நடுவில் அது இறங்க இறங்கக் குச்சிகளின் அடியை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, வளையம் எதிர்த்துப் பிடிக்கிறது. தரையில் குத்தும்போது கழி சட்டென்று நிற்கும், மேலே இருக்கும் தலை நிற்காமல் கீழே வரும், அதனால் கழி இன்னும் ஆழமாக உள்ளே போகும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் காம்பைத் தரையில் குத்தி இறுக்குகிறோமே, அதே கணக்கு. தலை மாற்றும் துடைப்பம் நம் தெருவில் தினமும் நடமாடிக்கொண்டிருக்கிறது, நான்தான் மோல்டிங் கடைகளில் தேடினேன். பெருக்குவதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள்.

அதை வீட்டுக்குத் தக்கபடி செய்ததில் எனக்கு நின்றது இந்த அமைப்பு. வேப்ப மரத்தில் 20 செ.மீ. நீள ஆப்பு, மேலே 22 மி.மீ., கீழே 6 மி.மீ. எனச் சரிவாகக் கடைந்தது. ஆப்பு மொட்டையாக இருந்தால் அடிக்க அடிக்கத் துள்ளி வெளியே வரும், சரிவு நீளமாக இருந்தால்தான் நிற்கும். வளையத்துக்கு 40 மி.மீ. பிவிசி பைப்பில் 8 செ.மீ. துண்டு. பிவிசி சுமார் 80 டிகிரியில் இளகிவிடும். துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கடைந்து வைத்த மரக்கூம்பில் ஏற்றி ஆறவிட்டால் ஒரு பக்கம் விரிந்து கூம்பாகிவிடும். மறுபடி கொதிநீரில் போடாதவரை அந்த வடிவம் போகாது, நம் ஊர் வெயில் அந்தச் சூட்டுக்கு வராது. அகலமான பக்கம் பிடியை நோக்கி, குறுகலான பக்கம் தரையை நோக்கி. காய்ந்த குச்சியை அகலமான பக்கம் வழியாக, நுனி முதலில் போகும்படி இறக்குங்கள். அடிகள் வந்து வளையத்தில் சிக்கும், நடுவில் ஆப்பு. இரு பக்கமும் திறந்திருப்பதால் தண்ணீர் தங்காது.

ஆப்புக்கு வருவதற்கு முன், தலையைத் திருகி மாட்டும்படி மரை போட்டும் பார்த்தேன். லேத் வைத்திருக்கிறவனுக்கு மரை போடுவதுதான் முதலில் தோன்றும். அதுவும் தவறு. பெருக்கும்போது மணிக்கட்டு ஒவ்வொரு வீச்சிலும் பிடியைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் முறுக்குகிறது. நூறு வீச்சில் மரை அரைச் சுற்றாவது கழன்றுவிடும். இறுக்கி இறுக்கிப் பிளாஸ்டிக் மரை மழுங்கும். இதில் இன்னொரு சிக்கல், மரையின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்கத் துடைப்பப் பிடிகளில் முக்கால் அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 5 மரை, ஐரோப்பாவில் வேறு. நம் கடைகளில் தொங்கும் மாப், பிரஷ் பிடிகளில் ஒன்றின் மரை இன்னொன்றில் பாதிதான் ஏறும். நாளைக்குப் பிடி உடைந்தால் வாங்கியவர் எங்கே போவார்?

பிடிக்கும் இதே கேள்விதான். மூங்கில் அருமையான பொருள், ஆனால் ஒன்றின் பருமன் இன்னொன்றுக்கு இல்லை. ஊறப்போட்டுப் பதப்படுத்தாத மூங்கிலை வண்டு பொடியாக்கிவிடும். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 25 மி.மீ. பைப்புக்குப் பொருந்தும்படி ஆப்பின் மேல்பக்கத்தைக் கடைந்துவிட்டால், பிடி போனால் புதுத்துண்டு வெட்டிக்கொள்ளலாம். ஆப்பைப் பைப்போடு நிறுத்த ஒரு ஸ்க்ரூ போதும். துளையை விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள், அங்கிருந்துதான் கீறல் விடும். ஓர் அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

நீளம் விஷயத்தில் ஆசைப்பட்டு நான் கெட்டேன். நிமிர்ந்து நின்று பெருக்க ஐந்தடிப் பிடி வைத்தேன். வாசலில் சரி, அடுப்படியில் திரும்பினால் பிடியின் பின்முனை அலமாரியில் இடித்துப் பாத்திரம் உருண்டது. அதைவிடப் பெரிய குறை, பிடி செங்குத்தாக நிற்கும்போது குச்சியின் நுனி மட்டும் தரையில் குத்துகிறது. குனிந்து பெருக்கும்போது ஈர்க்கு ஏறக்குறைய படுத்த நிலையில் வளைந்து, தன் பக்கவாட்டால் குப்பையைத் தள்ளுகிறது. குத்தினால் நுனி ஒடியும், மண் கிளம்பும். சாலையில் பெருக்குகிறவர்கள் கழியைச் சாய்த்துப் பிடிப்பதும், குச்சிக்கட்டை விசிறி மாதிரி பரத்தி வைப்பதும் இதற்குத்தான். அம்மாவின் உயரத்துக்கு மூன்றரை அடிப் பிடி சரியாக வந்தது. சற்றே குனிவார், இடுப்பு வலிக்கவில்லை என்கிறார். உங்கள் வீட்டில் பெருக்குகிறவரை நிற்க வைத்து அளவெடுங்கள்.

ஒரு பிடி, இரண்டு தலை என்ற யோசனையும் வரும். உள்ளே ஒரு தலை, வெளியே ஒரு தலை, தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஊட்டுக்குள்ள தெருத் தொடப்பத்த எடுத்தாருவாங்களா?" தலை வேறாக இருக்கலாம், ஆனால் சாணித் தண்ணீர் பட்ட அதே பிடி பூஜை மாடத்துக்கு முன்னால் வருவதை அவர் ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி. காலை அவசரத்தில் தினமும் இரண்டு தடவை தலை கழற்றி மாட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? தலை மாற்றும் வசதி தேய்ந்தால் மாற்றுவதற்கு மட்டும்தான். உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று, நிறம் வேறாக.

தேய்ந்த தலையைக் குப்பை என்று நினைத்து வடிவமைப்பதும் தவறு. நம் வீடுகளில் துடைப்பம் குட்டையானதும் கட்டைத் துடைப்பமாகி, தொட்டி கழுவ, குளியலறை தேய்க்க, மாட்டுக்கொட்டகைக்கு என்று இன்னும் பல மாதம் உழைக்கும். வளையம் மட்டுமே குச்சிகளைப் பிடித்திருந்தால், வளையத்தைக் கழற்றியதும் எல்லாம் சிதறிப் போகும். எனவே வளையத்துக்குக் கீழே தனியாகக் கயிற்றுக்கட்டு ஒன்று வேண்டும். பொய்கை செவ்வாய்ச் சந்தையில் மாட்டுக்குக் கயிறு விற்பவர்களிடம் மெல்லிசாக வாங்கி நான் கட்டுகிறேன். சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டிப் போட்டாலும் நன்றாகப் பிடிக்கும், குச்சி சுருங்கினால் கூடவே சுருங்கும், ஆனால் வெயிலில் வெடித்துவிடும். இரும்புக் கட்டுக்கம்பி வேண்டாம். துரு ஏறி டைல்ஸில் கறை விடும், முறிந்த முனை கையைக் கிழிக்கும். வளையத்திலிருந்து நுனி வரை ஒரு சாண் அளவுக்கு வந்துவிட்டால் தலையை மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டினால் வளையம் தரையில் உரசும்.

விற்கும் எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். உங்களிடம் மட்டுமே கிடைக்கும் தலையாகச் செய்யாதீர்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு சாதாரண தென்னந்துடைப்பத்தை வாங்கி, கட்டைப் பிரித்து வளையத்தில் இறக்கினால் பொருந்த வேண்டும். மாற்றுத் தலையின் விலை முழுத் துடைப்பத்தின் விலையைத் தொட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், பிடி மூலையில் கிடக்கும். ஈர்க்கு சீவி விற்கும் பெண்களே தலையைக் கட்டிக் கொடுக்கும் அளவுக்கு எளிதாக இருந்தால் விலையும் ஏறாது, அவர்களுக்கும் நாலு காசு கூடும். சீவும் கூலி எவ்வளவு குறைவு என்று தெரிந்த பிறகு இதில் எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

பூந்துடைப்பத்துக்கு இந்த ஆப்பு ஆகாது. மேகாலயா, அசாம் பக்கத்து மலைகளில் குளிர்காலம் முடியும் தறுவாயில் அறுத்து வரும் புல் அது, தண்டு மென்மை. நடுவில் ஆப்பு இறங்கினால் தண்டு நசுங்கி, அந்த இடத்திலேயே ஒடிந்து உதிரும். அதற்கு இப்போது தண்டுகளை ஒரு துணிப்பட்டையால் சுற்றி, இரண்டாகப் பிளந்த பைப்பின் நடுவில் வைத்து, இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுப் பார்க்கிறேன். தண்டு நசுங்கவில்லை. ஆனால் பிளவின் இடைவெளியில் தலைமுடி போய்ச் சிக்குகிறது, பெருக்கி முடித்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கொடுத்த இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். கிளாம்ப்பை விட்டுவிட்டு, பிளவை மூடும்படி மேலே ஒரு முழுக்குழாயைச் சறுக்கி இறக்கும் மாதிரி ஒன்று பட்டறையில் பாதி வேலையில் இருக்கிறது.