ஜென்டூ இபில்டில் துணைச் செயற்கூறுகளைக் கையாளும் முறை

ஜென்டூ லினக்ஸில் ஒரு மென்பொருளை எப்படிக் கொண்டுவந்து, கம்பைல் செய்து, நிறுவ வேண்டும் என்பதை பாஷ் மொழியில் எழுதிவைக்கும் கோப்பே இபில்ட் எனப்படுகிறது. அதைப் படித்து நிறைவேற்றும் பொதி மேலாளர், அதாவது மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் கருவி, போர்ட்டேஜ். இபில்ட் எழுதுவோர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதவேண்டிய தேவை இல்லாதபடி, அடிக்கடி வரும் வேலைகளுக்கான துணைச் செயற்கூறுகளைப் போர்ட்டேஜ் தானே வழங்குகிறது. எந்தச் செயற்கூறு எப்படி நடந்துகொள்ளும் என்பது, இபில்ட் பின்பற்றும் விதிமுறைப் பதிப்பைக் குறிக்கும் இஏபிஐ எண்ணைப் பொறுத்து மாறும். இந்த வழிகாட்டி, 2021இல் ஏற்கப்பட்ட இஏபிஐ 8ஐ அடிப்படையாகக் கொண்டது. செயற்கூறுகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும், மாறிகளின் பெயர்களை ஆங்கிலப் பேரெழுத்துகளிலும் தட்டச்சிட வேண்டும். 'டூ' என்று தொடங்குபவை கோப்பை அதன் பெயரிலேயே நிறுவும். 'நியூ' என்று தொடங்குபவை வேறு பெயரிட்டு நிறுவும். இமேக், இகான்ஃப் போன்றவற்றின் முன்னுள்ள 'இ', ஆங்கில 'e' என்ற ஒற்றை எழுத்து.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். போர்ட்டேஜ் எந்தக் கோப்பையும் நேராகக் கணினியின் /யூஎஸ்ஆர் அடைவில் வைப்பதில்லை. எல்லாவற்றையும் 'டி' என்ற மாறி சுட்டும் தற்காலிக அடைவில் முதலில் அடுக்கி, பிறகுதான் அங்கிருந்து கணினிக்கு மாற்றி, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று பதிவு செய்துகொள்கிறது. 'சிபி' கட்டளையால் நிரலை நேரே /யூஎஸ்ஆர்/பின்னுக்குள் நகலெடுக்க முயன்றால், தற்காலிக அடைவுக்கு வெளியே எழுதவிடாத காப்பான சாண்ட்பாக்ஸ் தடுத்துவிடும். டூபின் என்று எழுதினால், அந்தத் தற்காலிக அடைவுக்குள் சரியான இடத்தில், 0755 அனுமதியுடன், அதாவது எல்லாரும் இயக்கக்கூடியபடி, நிரல் போய்ச் சேரும். ஆகவே இவற்றைத் தட்டச்சு மிச்சப்படுத்தும் குறுக்குவழிகளாக மட்டும் கருதக் கூடாது. பொதி மேலாளருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் இவற்றுக்குள் இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, சி மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். அதனுடன் ஒரு மேன் பக்கம் (கையேட்டுப் பக்கம்), ஓர் அமைப்புக் கோப்பு, சில மாதிரித் தரவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மூலநிரலைத் திருத்தும் கட்டத்தில், அதாவது எஸ்ஆர்சி_பிரிப்பேரில், பெரும்பாலும் நாம் எதையும் எழுதத் தேவையில்லை. மூலநிரலில் செய்ய வேண்டிய மாற்றங்களைக் கொண்ட பேட்ச் கோப்புகளின் பெயர்களைப் பேட்ச்சஸ் என்ற அணியில் இட்டால், இயல்புச் செயற்கூறே அவற்றை இஅப்ளை மூலம் பொருத்திவிடும். கூடுதல் வேலைக்காக இந்தக் கட்டத்தை நாமே எழுத நேர்ந்தால், முதல் வரியாக, அந்த இயல்புச் செயற்கூறை இயக்கும் டிஃபால்ட் என்பதை அழைக்க வேண்டும். பயனர் தம் கணினியில் வைத்திருக்கும் சொந்தப் பேட்ச்களைப் பொருத்தும் இஅப்ளை_யூசர் அதற்குள் அடங்கியிருக்கிறது. அது எங்குமே அழைக்கப்படாவிட்டால் போர்ட்டேஜ் பிழை காட்டி நின்றுவிடும்.

மூலநிரலுடன், கணினியைச் சோதித்துக் கம்பைலுக்கு ஆயத்தம் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வந்தால் அதை நேரே இயக்காமல் இகான்ஃப் மூலம் இயக்க வேண்டும். நிறுவும் முன்னொட்டு, மேன் பக்கங்களின் இடம், அமைப்புக் கோப்புகளுக்கான /இடிசி, நூலக அடைவு, எந்தக் கணினி வகைக்காகக் கம்பைல் செய்யப்படுகிறது என்பவற்றையெல்லாம் அது தானே சேர்த்து அனுப்பும். நாம் சேர்க்க வேண்டியவை விருப்பக் கூறுகள் மட்டுமே. அவற்றுக்கு யூஸ்_எனேபிள், யூஸ்_வித் என்ற இரண்டும் உள்ளன. ஒரு விருப்பக் கூறு வேண்டுமா வேண்டாமா என்று பயனர் குறிப்பதே யூஸ் கொடி. பயனர் அந்த யூஸ் கொடியை இயக்கியிருந்தால் 'எனேபிள்' என்றும், நிறுத்தியிருந்தால் 'டிஸேபிள்' என்றும் யூஸ்_எனேபிள் எழுதித் தரும். கொடியின் பெயரும் கான்ஃபிகரின் விருப்பப் பெயரும் வேறுபட்டால், பின்னதை இரண்டாம் அளவுருவாகக் கொடுக்கலாம்.

'டிஸேபிள்' என்று வெளிப்படையாகச் சொல்வது ஏன் முக்கியம் என்று பலர் கேட்பதுண்டு. எதுவும் சொல்லாமல் விட்டால், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கணினியைத் துழாவி, ஏதோ ஒரு நூலகம் தற்செயலாக அங்கே இருப்பதைக் கண்டு அதனுடன் நிரலை இணைத்துவிடும். அந்தச் சார்பு போர்ட்டேஜின் பதிவில் ஏறாது. சில மாதங்கள் கழித்துப் பயனர் அந்த நூலகத்தை நீக்கும்போது, தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் நம் நிரல் இயங்க மறுக்கும். இந்தப் பிழை எழுதியவரின் கணினியில் ஒருபோதும் தலைகாட்டாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

கம்பைல் செய்ய இமேக் போதும். எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று பயனர் மேக்ஆப்ட்ஸில் குறித்திருப்பதை அது மதிக்கும். இணையாக ஓட்டினால் உடையும் மேக்ஃபைலாக (கம்பைல் படிகளைச் சொல்லும் கோப்பாக) இருந்தால் -ஜே1 என்று சேர்க்கலாம். கையால் எழுதிய மேக்ஃபைல்களில் வேறொரு சிக்கல் உண்டு: கம்பைலரின் பெயரையும் அதன் கொடிகளையும் அவற்றுள் நிலையாக எழுதிவைத்திருப்பார்கள். மேக்ஃபைலுக்குள் இடப்படும் மதிப்பு, சூழல் மாறியின் மதிப்பை வென்றுவிடும். ஆனால் கட்டளை வரியில் தரும் மதிப்பு அதையும் வெல்லும். எனவே டூல்செயின்-ஃபங்க்ஸ் என்ற இகிளாஸை (பல இபில்டுகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பை) ஏற்றி, டிசி-கெட்சிசி (இதன் இறுதி 'சிசி' மட்டும் பேரெழுத்து) தரும் பெயரை 'சிசி'க்கும், பயனரின் கொடிகளைச் 'சிஃபிளாக்ஸ்'க்கும் இமேக் வரியிலேயே கொடுக்க வேண்டும். அந்த மேக்ஃபைல் தனக்குத் தேவையான கொடிகளையும் அதே மாறியில் கூட்டிக்கொள்வதாக இருந்தால் இந்த வழி அவற்றையும் அழித்துவிடும் என்பதால், அப்போது பேட்ச் எழுதுவதே நல்லது.

நிறுவும் கட்டம்தான் துணைச் செயற்கூறுகள் அதிகம் புழங்கும் இடம். டூபின் நிரலை வைக்கும். டூமேன், கோப்பின் பின்னொட்டு எண்ணைப் பார்த்து மேன் பக்கத்தின் பிரிவைத் தானே அறிந்துகொள்ளும். அமைப்புக் கோப்புக்கு முதலில் இன்ஸ்இன்டூ மூலம் /இடிசி அடைவைச் சுட்டிவிட்டு, பிறகு டூஇன்ஸ் அழைக்க வேண்டும். இன்ஸ்இன்டூவில் சொன்ன இடம் மறுபடி மாற்றும்வரை நீடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. இதை மறந்து மாதிரித் தரவுகள் முழுவதையும் /இடிசிக்குள் கொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு டூஇன்ஸுக்கும் முன்னால் இடத்தைக் குறிப்பிட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். டூஇன்ஸ் எல்லாக் கோப்புகளுக்கும் 0644 அனுமதியே தரும். ஒரு முழு அடைவை -ஆர் சேர்த்து நிறுவினால் உள்ளிருக்கும் ஸ்கிரிப்டுகள் இயக்க அனுமதியை இழந்துவிடும். அவற்றை எக்ஸிஇன்டூ, டூஎக்ஸி இணையாலோ எஃப்பெர்ம்ஸாலோ சரிசெய்ய வேண்டும். வெற்று அடைவு ஒன்று நிரலுக்குத் தேவையென்றால், அதை வெறுமனே உருவாக்கிவிட்டால் அது நிலைக்கும் என்ற உறுதி இல்லை. கீப்டிர், உள்ளே ஒரு மறைகோப்பை வைத்து அதைக் காக்கும். குறியீட்டு இணைப்புகளுக்கு டூசிம் உண்டு. இஏபிஐ 8இல் -ஆர் சேர்த்தால் சார்புப் பாதையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ரீட்மி போன்ற ஆவணங்களுக்கு இஇன்ஸ்டால்டாக்ஸை ஒரு வரியில் அழைத்தால் போதும்.

மேலே சொன்ன துணைச் செயற்கூறுகள் தோல்வியுற்றால், இஏபிஐ 4 முதல், பொதிகட்டல் தானாகவே நின்றுவிடும். உரையைத் தேடி மாற்றும் செட், நகலெடுக்கும் சிபி, இடம் மாற்றும் எம்வி போன்ற வெளிக் கட்டளைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒவ்வொன்றின் பின்னும் இரட்டைக் குத்துக்கோடிட்டு 'டை' என்று எழுதியாக வேண்டும். அப்படி எழுதினாலும் செட் விஷயத்தில் முழு நிம்மதி கிடையாது. தேடிய வரி கோப்பில் இல்லாவிட்டாலும் செட் வெற்றி என்றே அறிவிக்கும். அடுத்த பதிப்பில் மூல ஆசிரியர் அந்த வரியை மாற்றிவிட்டால் நம் திருத்தம் ஓசையின்றி உதிர்ந்துபோகும். பேட்ச் அப்படியல்ல, பொருந்தும் இடம் கிடைக்காவிட்டால் உரக்கச் சொல்லிவிட்டு நிற்கும். ஒன்றிரண்டு சொற்களை மாற்றுவதற்கு மேற்பட்ட எதற்கும் நான் பேட்சையே தேர்ந்தெடுப்பேன்.

பயனருக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் பிகேஜி_போஸ்ட்இன்ஸ்ட் கட்டத்தில் இலாக் பயன்படுத்தலாம், எச்சரிக்கைக்கு இவார்ன். ரிப்ளேசிங்_வெர்ஷன்ஸ் மாறி வெறுமையாக இருக்கும்போது மட்டும், அதாவது முதல்முறை நிறுவும்போது மட்டும், அச்செய்தி வரும்படி செய்வது மரியாதை.

எழுதி முடித்ததும் இபில்ட் கட்டளையை முதலில் மேனிஃபெஸ்ட் என்ற சொல்லுடனும், பிறகு கிளீன், இன்ஸ்டால் என்ற சொற்களுடனும் இயக்க வேண்டும். இது கணினியில் எதையும் மாற்றாமல் தற்காலிக அடைவுவரை மட்டுமே செல்லும். /வார்/டிஎம்பி/போர்ட்டேஜுக்குக் கீழ் அந்தப் பொதிக்கான இமேஜ் அடைவைத் திறந்து, /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற அடைவு உள்ளே முளைத்திருக்கிறதா, ஸ்கிரிப்டுகளுக்கு இயக்க அனுமதி இருக்கிறதா, மேன் பக்கம் உரிய பிரிவில் இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, பிகேஜிசெக் கருவியை ஸ்கேன் என்ற சொல்லுடன் ஓட்டினால், மீதமுள்ள குறைகளை அது பட்டியலிட்டுத் தரும்.