ஆர்ப்பின் மர ரிலீஃப் யார் யார் கையில் இருந்தது? படிக்கும்போது செய்கிற தவறுகள்

சிற்பி ஹான்ஸ் ஆர்ப், ஜூரிச்சில் டாடா (Dada) என்ற கலை இயக்கக் கூட்டத்தோடு இருந்த காலத்தில், பலகையை வளைவு வளைவாக அறுத்து, பெயின்ட் அடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஸ்க்ரூ முடுக்கி ரிலீஃப்கள், அதாவது புடைப்புச் சிற்பங்கள், செய்தார். அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்தால் முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற பட்டியலும் கூடவே வரும். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது மாதிரிதான். ஆனால் பெயர்கள் வரிசையாக இருந்தாலே சங்கிலி அறுபடவில்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

நிறுத்தக்குறிகளைப் பாருங்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றின் வழக்கப்படி, இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் நேரடியாகக் கைமாறியது என்று அர்த்தம். முற்றுப்புள்ளி என்றால் நடுவில் இடைவெளி. அந்த இடைவெளி நாஜி ஆட்சி நடந்த 1933-க்கும் 1945-க்கும் இடையில் விழுந்து, அடுத்த வரியில் 'தனியார் சேகரிப்பு, சுவிட்சர்லாந்து' என்று மட்டும் இருந்தால், என்னைக் கேட்டால், கேள்வி கேட்காமல் நகரக் கூடாது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்களைப் பற்றி 1998-ல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி கொள்கைகள் வகுத்ததே இப்படிப்பட்ட இடைவெளிகளால்தான்.

கண்காட்சிக்கு இரவல் கொடுத்ததையும் விற்றதையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. கலைப்பொருள் சேகரிப்பாளர் சோஃபி லிசிட்ஸ்கி-குப்பர்ஸ் 1926-ல் ஜெர்மனியின் ஹானோவர் அருங்காட்சியகத்துக்கு 13 படைப்புகளை இரவலாகத்தான் கொடுத்தார், 1937-ல் நாஜிகள் அருங்காட்சியகச் சொத்தோடு சேர்த்து அவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள், அதில் ஒன்றான பால் க்ளேயின் ஓவியத்துக்கு மியூனிக் நகரத்தோடு வாரிசுகள் சமரசத்துக்கு வந்தது 2017-ல். அது ரிலீஃப் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்.

ஆர்ப் விஷயத்தில் பெயரே ஒரு பொறி. 1886-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்தபோது அது ஜெர்மனியில் இருந்தது, பிறகு பிரான்ஸுக்குப் போனது. ஆவணங்களில் ஜெர்மன் பெயரில் ஹான்ஸும் வருவார், பிரெஞ்சுப் பெயரில் ஜான் (Jean) ஆர்ப்பும் வருவார். ஒன்றை மட்டும் தேடினால் பாதி சிக்காது. தலைப்பை நம்புவதும் ஆபத்து. 'கான்ஸ்டலேஷன்' என்ற பெயரில் பல படைப்புகள் இருப்பதால் வேறொன்றின் வரலாறு இதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம், அதனால் ஆண்டு, சென்டிமீட்டர் அளவு இரண்டையும் ஒப்பிடுங்கள். அவருடைய ரிலீஃப்களுக்கு 1981-லேயே தனிப் பட்டியல் வந்துவிட்டது.

முன்பக்கப் போட்டோவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பின்பக்கத்தில்தான் கேலரி லேபிள், சுங்க முத்திரை, சாக்பீஸ் எண் எல்லாம் இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டிவிட்டால் போச்சு. ஸ்க்ரூவையும் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930-களின் நடுவில். 1917 என்று சொல்லப்படும் பலகையில் அது இருந்தால் உடனே போலி என்று கூச்சல் போட வேண்டாம், பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம். சரி, எப்போது, யாரிடம் இருந்தபோது மாற்றினார்கள்? விற்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.