எந்த இடத்துக்கு எந்த பிளக், எந்த சாக்கெட், எந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்?

சாக்கெட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அதில் செருகும் பிளக்கை மட்டும் பழைய சாமான் டப்பாவிலிருந்து எடுத்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். பிளக், சாக்கெட், இடையில் ஓடும் ஒயர், மேலே மூடும் மூடி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு இணைப்பு. இதில் எது மட்டமோ, அதுவே மொத்தத்தின் தரம்.

மெயினை அணைப்பது, டெஸ்டர் வைத்துப் பேஸ் எது என்று பார்ப்பது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தெரியாதவர்கள் பொருளைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: முதலில் கருவியின் தகட்டைப் படியுங்கள்

கருவியின் அடியிலோ முதுகிலோ வாட்ஸ் குறித்திருக்கும். அதை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ். 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் ஹீட்டர் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டின் எல்லை 1380 வாட்ஸ், 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்கு 3680. ஹீட்டர், பம்ப் மாதிரி மணிக்கணக்கில் ஓடுகிறவற்றுக்கு, குறித்த ஆம்ப்ஸில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது என் கணக்கு.

பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க உதவும் கன்வர்ட்டர்களைத் தூக்கிப் போடுங்கள். “அதிகமாக இழுத்தால் எம்சிபி (தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடுமே” என்பார்கள். விழாது. எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. பின்னால் 16 ஆம்ப்ஸ் எம்சிபி இருந்தால், 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் 12 ஆம்ப்ஸ் ஓடினாலும் அது அசையாது. சாக்கெட்தான் கருகும்.

படி 2: பிடிப்பைச் சோதியுங்கள்

புதிதாக வாங்கும் சாக்கெட்டில் பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பலம் போட்டு இழுத்தால்தான் வர வேண்டும். பிளக் தன் எடையிலேயே தலைகுனிந்தால் அந்த சாக்கெட் வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. உள்ளே உள்ள பித்தளை நாக்கு தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 13 ஆம்ப்ஸ் ஓடும்போது 13 × 13 × 0.1, கிட்டத்தட்ட 17 வாட்ஸ். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, நகக்கண் அகலத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே. அந்தச் சூட்டில் நாக்கின் ஸ்பிரிங் தன்மை போகும். போனால் இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடாகும்.

அடையாளம் எளிது. ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் விழுந்திருக்கும், சில சமயம் மீன் வாடை மாதிரி ஒன்று வரும். எர்த் துளை மட்டும் எப்போதும் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அதில் கரண்ட் ஓடுவதில்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: சாக்கெட்டை மாற்றிவிட்டு, பின்கள் கருகிப்போன அதே பிளக்கைப் புதிய சாக்கெட்டில் செருகுகிறார்கள். கருகிய பின்னின் மேல் படிந்த ஆக்சைடு புதிய சாக்கெட்டையும் சில வாரங்களில் அதே கதிக்குக் கொண்டுபோகும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

உருண்டைப் பின், தட்டைப் பின் எல்லாம் நுழையும் “யுனிவர்சல்” சாக்கெட் எனக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஏற்கும் துளை எதையும் இறுக்கிப் பிடிக்காது. மொபைல் சார்ஜருக்கு இருக்கட்டும், ஹீட்டருக்கு வேண்டாம்.

படி 3: ஐபி எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐபி எண். ஐபிக்குப் பின் வரும் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 காய்ந்த அறைக்கு மட்டும். ஐபி44 எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஐபி55 தூசியைப் பெருமளவு தடுத்து, குழாய் வைத்து அடிக்கும் தண்ணீரையும் சமாளிக்கும். ஐபி66 தூசியே புகாது, பலமான பீச்சலையும் தாங்கும். ஐபி67 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முங்கியிருந்தாலும் தாங்கும்.

கவனியுங்கள், 67 என்பது 66-ஐவிட எல்லா விதத்திலும் உசத்தி அல்ல. முங்கினால் தாங்குவது ஒரு சோதனை, பீச்சியடித்தால் தாங்குவது வேறு சோதனை. கழுவிவிடும் இடத்துக்கு ஐபி66, அல்லது இரண்டும் சேர்த்துக் குறித்தது.

இதைவிட முக்கியமானது, அந்த எண் எந்த நிலையில் செல்லும் என்பது. மூடி மூடியிருக்கும்போது ஐபி66 என்று எழுதிய சாக்கெட்டில் சாதாரண பிளக்கைச் செருகினால் மூடி பாதியில் நிற்கும். அந்த நொடியிலிருந்து அது ஐபி20 மாதிரிதான். மழை பெய்வதோ பிளக் மாட்டியிருக்கும்போது. ஆகவே இரண்டில் ஒன்று: பிளக்கோடு சேர்த்து மூடும் ஆழமான மூடி உள்ள சாக்கெட், அல்லது அதே ஐபி எண் உள்ள பிளக்கைச் செருகி வளையத்தைத் திருகி இறுக்குவது. வளையத்தைக் கடைசிவரை திருகாமல் விட்டால் ரப்பர் அமுங்காது, ரப்பர் அமுங்காவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒயர் எப்போதும் அடிப்பக்கமாக உள்ளே நுழையட்டும். நுழைவதற்கு முன் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிள் கிளாண்டு (ஒயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) ஒயரின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும்; டேப் சுற்றித் தடிமனாக்குவது ஏமாற்று வேலை.

படி 4: இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

படுக்கையறை, வரவேற்பறையில் சிறு குழந்தைகள் இருந்தால் பிளக் செருகாதபோது துளைகளை உள்ளிருந்து மூடும் ஷட்டர் உள்ள சாக்கெட். வேறு யோசனையே வேண்டாம்.

குளியலறையில் தொட்டிக்கும் ஷவருக்கும் பக்கத்தில் சாதாரண சாக்கெட்டே கூடாது, எவ்வளவு ஐபி இருந்தாலும். கை நனைந்த மனிதனுக்கு ஐபி எண் கிடையாது. ஈரம் உள்ள எந்த இடத்துக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) பின்னால் இருக்க வேண்டும்.

பட்டறைக்கும் கட்டுமான இடத்துக்கும் ஐஇசி 60309 வகை உருளை பிளக்குகள்தான் என் தேர்வு. 16, 32, 63, 125 ஆம்ப்ஸ்களில் வரும். மஞ்சள் 110 வோல்ட், நீலம் 230, சிவப்பு 400. எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமன்; அது அமரும் இடமும் வோல்ட்டுக்கு வோல்ட் மாறும். அதனால் நீல பிளக்கை மஞ்சள் சாக்கெட்டில் எவ்வளவு அழுத்தினாலும் போகாது. ஒயருக்கு பிவிசி வேண்டாம். ஹெச்07ஆர்என்-எஃப் என்று அச்சிட்ட ரப்பர் ஒயர் வாங்குங்கள். ஆயிலும் உரசலும் அதற்குப் பெரிய விஷயமில்லை. பாலிகார்பனேட் உடம்புள்ள பிளக் வெயிலைத் தாங்கினாலும் சில கரைப்பான்கள் பட்டால் விரிசல் விடும். அந்த மாதிரி இடத்துக்கு நைலான் அல்லது ரப்பர்.

மரத்தூள், மாவு பறக்கும் இடத்தில் முதல் இலக்கம் 5 அல்லது 6. தூசி படிந்து, அதன்மேல் சூடும் சேர்ந்தால் தீ. எரியக்கூடிய ஆவி தங்கும் இடம் இந்தக் கட்டுரைக்குள் வராது. அதற்குத் தனிச் சான்று பெற்ற சாமான், தனி ஆள்.

கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது ஸ்க்ரூ. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் நிக்கல் பூசிய பின்களும் இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்கிற இயந்திரத்துக்குத் திருகிப் பூட்டும் பிளக். சர்வர் ரேக்கில் ஒயர் முனையின் வகை சி13 என்றால் 10 ஆம்ப்ஸ், சி19 என்றால் 16 ஆம்ப்ஸ். பூட்டு உள்ள ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

படி 5: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

எட்டு துளை இருப்பதால் எட்டு மடங்கு தாங்காது. எட்டும் பங்கு போட்டுக்கொள்வது ஒரே பிளக்கின் ஆம்ப்ஸை. வாங்கும்போது துளைகளை எண்ணாதீர்கள்; ஒயரின் மேல் அச்சிட்டதைப் படியுங்கள். 0.75 சதுர மி.மீ. என்றால் 6 ஆம்ப்ஸ் வேலைக்கு, 1.0 என்றால் 10, 1.5 என்றால் 16. உள்ளே ஒரே பித்தளைப் பட்டை ஓடுவது நல்லது. ஒவ்வொரு துளைக்கும் துண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்தது வேண்டாம்.

நீளமும் கணக்கில் வரும். 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 30 மீட்டர் போனால் போக வர 60 மீட்டர், சுமார் 0.75 ஓம். 10 ஆம்ப்ஸ் ஓடும்போது 7.5 வோல்ட் வழியிலேயே போய்விடும், 75 வாட்ஸ் சூடாக மாறும். ரீலில் சுற்றிய நிலையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பாதி விரித்து மீதியைச் சுற்றியே வைத்து ஹீட்டர் ஓட்டினால் உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். முழுதும் விரியுங்கள்.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள்.

படி 6: பிளக்கை மாட்டுவது

பச்சை-மஞ்சள் எர்த், நீலம் நியூட்ரல், பழுப்பு பேஸ். எர்த் ஒயரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது இழுத்து ஒயர் பிய்ந்தால் எர்த் கடைசியாகப் போக வேண்டும். கிளாம்ப் பிடிக்க வேண்டியது வெளி உறையை, உள்ளே உள்ள மூன்று ஒயர்களை அல்ல.

பிரிந்து நிற்கும் இழைகளைச் சால்டர் வைத்துக் கெட்டியாக்கிவிட்டு ஸ்க்ரூவில் இறுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சால்டர் மெத்தென்ற உலோகம். அழுத்தத்தில் நாளாக நாளாக வழிந்து இடம் கொடுக்கும், ஸ்க்ரூ தானாகத் தளரும், பிறகு படி 2-இல் சொன்ன கதைதான். ஃபெரூல் (இழைகளை மூடும் சின்ன உலோகக் குழல்) போட்டு, அதற்கான கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். இல்லையென்றால் இழைகளை முறுக்கி, மடித்து இறுக்குங்கள்.

பின்சேர்க்கை 1: எர்த் பின் இல்லாமல், உடம்பின் இரு பக்கமும் உலோகப் பட்டை உள்ள உருண்டை பிளக் மூன்று துளை சாக்கெட்டில் நுழைகிறதே, பயன்படுத்தலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தப் பட்டைதான் அதன் எர்த். அதைத் தொடும் நாக்கு இல்லாத சாக்கெட்டில் கருவி ஓடும், ஆனால் எர்த் இல்லாமல் ஓடும். பிளக்கை மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: சர்ஜ் பாக்ஸின் (திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) விளக்கு அணைந்துவிட்டது, ஆனால் கரண்ட் வருகிறது என்ற கேள்விக்கு: உள்ளே அந்தப் பாய்ச்சலை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் தேய்கிறது. “பாதுகாப்பு” விளக்கு அணைந்தால் அது தீர்ந்துவிட்டது. இனி அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகினால் புதிய பாக்ஸ்கூட அரைகுறைதான், எர்த்துக்குத் திருப்ப வேண்டியதைத் திருப்ப வழியில்லை. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்கு ஸ்டெபிலைசர்.