நியான் எழுத்துகள் வெளுக்காமல் படமெடுக்க

இரவில் நியான் பலகையைப் படமெடுத்தால் சிவப்புக் குழாய் வெறும் வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள இருட்டைச் சேர்த்து அளந்து, கேமரா தானாகவே எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஏற்றிவிடுவதுதான் காரணம்.

அதனால் அளவுகளை நானே அமைக்கும் மேனுவலுக்கு மாறினேன். எஃப் 4 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் 1/50 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று தொடங்கி, குழாயில் நிறம் தெரியும்வரை ஐஎஸ்ஓவைக் குறைக்கிறேன். ஷட்டரைத் தொடுவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய மின்மாற்றியோடு எரியும் குழாய் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் மிக வேகமானால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும்.

ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில், சிவப்புச் சேனலைத் தனியாகப் பாருங்கள். நியான் வாயுவின் ஒளி செம்மஞ்சள் என்பதால், மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும், அதாவது அளவு மீறிவிட்டிருக்கும். நீலக் குழாய்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்கானும் பாதரச ஆவியும். அங்கே நீலச் சேனலைக் கவனிக்க வேண்டும்.

சரி, சுவரும் தெருவும் கருப்பாகிவிடாதா? ரா கோப்பில் (கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் நிழல் பகுதியை ஓரளவு பின்னால் தூக்கிவிடலாம். ஆனால் எனக்குப் பிடித்த வழி, சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே போய்விடுவது. அப்போது வானத்தின் நீலமும் பலகையின் வெளிச்சமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் அடங்கிவிடும். முழு இருட்டாகிவிட்டால் முக்காலியில் வைத்து, பலகைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று எடுத்து இணைத்துக்கொள்கிறேன்.